மஞ்சள்காணியில் ஒரு வளைவு

நல்லேரிப்பாக்கம்,
கூடுவாஞ்சேரி வழி.
12.2.2006

சுபத்ராவுக்கு, அண்ணி ரேணுகாம்பாள் எழுதுகிறேன்.

போன் செய்யலாம்தான். ஆனால் நாம் இருவரும் போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையில் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். கடிதத்தில் அந்த வசதி இல்லை. பிடிக்காவிட்டாலும் கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும்.

நேற்று நீ வந்து போனதாக ஊரே சொல்கிறது. உன் கொல்லையில் அடித்திருந்த முளைக்குச்சிகளை ஒன்று விடாமல் பிடுங்கி, பையில் போட்டுக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாயாம். என் வாசலைத் தாண்டித்தான் ஆட்டோ போகும். உள்ளே நான் உலை வைத்திருந்தேன். ஒரு வாய்த் தண்ணீர் கேட்டிருந்தால் குறைந்தா போயிருப்பாய்?

முளை அடித்தது தப்பு. அது உன் அப்பா கல்யாணத்தின்போது மஞ்சள்காணியாக உனக்கே எழுதி வைத்த நிலம். உன்னைக் கேட்காமல் அதில் ஓர் ஈர்க்குச்சி நட யாருக்கும் உரிமையில்லை. சங்கத்துச் செயலாளர் சத்தியநாதன் "எல்லாம் ஒரே குடும்பம்தானே" என்று நினைத்துக்கொண்டு ஆளை விட்டு அடித்துவிட்டார். நாம் ஒரே குடும்பமாக இருக்கிறோமா என்று அவர் என்னையாவது கேட்டிருக்கலாம்.

எதற்கு முளை என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நம் ஊர்க் குடும்பங்கள் சங்கமாகச் சேர்ந்து போட்ட கூட்ஸ் பாதை உனக்குத் தெரியாததில்லை. உரமும் தவிடும் உப்பும் வந்து இறங்கித்தான் நம் மண்டி நடந்தது. மெயின் லைனில் மீட்டர் கேஜை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் அகலப் பாதை ஆக்கிவிட்டார்கள். நம்முடையது இன்னும் பழைய குறுகல் பாதை. பெரிய வண்டி அதில் எப்படி வரும்? இரண்டு வருஷமாக ஒரு வேகன்கூட வரவில்லை. தண்டவாளத்தில் ஆடு படுத்திருக்கிறது. உரத்தை வேறு ஊரில் இறக்கி லாரியில் கொண்டுவருகிறோம். வாடகை தின்றது போக மண்டியில் எதுவும் நிற்பதில்லை. லோடுமேன்களில் பாதிப் பேர் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள்.

சங்கத்தில் இப்போது இரண்டு கட்சி. லைனை மனை போடுகிறவருக்கு விற்றுப் பிரித்துக்கொள்ளலாம் என்று ஒரு கட்சி. கைக்காசு போட்டு அகலப் பாதை அமைத்தால் வண்டி திரும்ப வரும் என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது. என் லாரிகளை விற்று அதில் போடப் போகிறேன்.

அகலப் பாதை பழையதைப்போல் சட்டென்று திரும்பாதாம். வளைவு விரிந்து போக வேண்டுமாம். அதற்கு உன் கொல்லையின் நடுவில் ஒரு பட்டை தேவைப்படுகிறது. சித்திரைக்குள் வளைவுக்கு வழி பிறக்காவிட்டால் லைன் விலைக்குப் போய்விடும்.

நான் கேட்கவில்லை. விஷயத்தைச் சொன்னேன், அவ்வளவுதான்.

முளைக்குச்சிகளை அடுப்பில் வைத்துவிடாதே. பச்சை மரம், புகையும்.

ரேணுகாம்பாள்


பள்ளிக்கரணை
19.2.2006

அண்ணிக்கு,

கடைசிவரை படித்தேன். இரண்டு இடத்தில் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடியும் எடுத்துப் படித்தேன்.

தண்ணீர் கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். தசரதண்ணனின் காரியத்தன்று என் வீட்டுக்காரர் மஞ்சள்காணிப் பத்திரம் யாரிடம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டார். கேட்ட நேரம் தப்பு. வீட்டுக்கு வந்து அதற்காக இவருக்கு நான் விட்ட டோஸ் எதிர்வீட்டுக்கே கேட்டது. ஆனால் நீங்கள் இவரை விட்டுவிட்டு, பந்தி நடுவில் என்னைப் பார்த்து, "பங்கு கேக்கத்தான் வந்தியா?" என்றீர்கள். என் இலையில் சோறு விழுந்திருந்தது. அப்படியே எழுந்து வந்தேன். அண்ணனுக்காக அழ வந்தவள் அண்ணி நான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எப்படிக் கை நனைப்பது?

நிலத்து விஷயத்துக்கு வருகிறேன். போன மழைக்கு எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். சதுப்பு நிலத்துப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கினோம். அது தன் பழைய இடத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போக வந்துவிட்டது. தரையை உயர்த்தி மேலே ஒரு தளம் போடாவிட்டால் இனி ஒவ்வொரு ஐப்பசிக்கும் இதே கதைதான். ஒரு மனைக்காரர் என் கொல்லைக்கு நல்ல விலை சொல்கிறார். நடுவில் தண்டவாளம் போனால் யார் மனை வாங்குவார்கள்? நீங்களே சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். எழுத வேண்டாம் என்றுதான் பார்த்தேன்.

அந்த மழையன்று உங்கள் லாரி வந்தது. மூட்டை தைக்கிற பேபியும் லோடுமேன்களும் அந்தத் தண்ணீரில் இறங்கி, கட்டில், பீரோ, துர்காவின் பத்தாம் வகுப்புப் புத்தகங்கள் என்று எல்லாவற்றையும் எதிர்வீட்டு மாடிக்கு ஏற்றினார்கள். ஏற்றி முடித்ததும் அங்கேயே சோறு பொங்கித் தட்டில் போட்டேன். ஒருவரும் தொடவில்லை. பேபி சொன்னாள்:

"நீ எங்க அண்ணி வூட்ல துன்னாம எய்ந்து போய்ட்டே. நாங்க மட்டும் இங்க எப்டிக்கா கை நனைக்கிறது? வேலை இன்னா கீதோ சொல்லு, செய்றோம். சோறு வாணாம்."

பசியோடு திரும்பிப் போனார்கள். நன்றி சொல்ல வாயெடுத்தேன், அது தொண்டையில் நின்றுவிட்டது. இந்த இரண்டு மாதமும் அங்கேயேதான் நிற்கிறது. இப்போது எழுதிவிடுகிறேன். நன்றி அண்ணி. அவர்கள் வந்திராவிட்டால் என் மகள் பரீட்சைக்கு வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பாள்.

ஆனால் ஆளை அனுப்பினீர்களே, நீங்கள் ஏன் வரவில்லை?

முளைகள் பத்திரமாக இருக்கின்றன. பச்சை மரம் புகையும் என்று எனக்கும் தெரியும். நானும் அந்த ஊர்க்காரிதான்.

சுபத்ரா


நல்லேரிப்பாக்கம்
2.3.2006

சுபத்ரா,

உன் வீட்டில் சாப்பிடாமல் திரும்பினார்கள் என்று எனக்குத் தெரியாது. பேபியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஆமா, துன்னல. இப்ப இன்னா பண்ணணும்ன்றே?" என்று சாக்கு ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கிறாள். அவளிடம் யார் வாய் கொடுப்பது? அவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கவில்லை, நம்பு. லாரியை அனுப்பியது நான். மற்றது அவர்களாகச் செய்தது.

ஏன் வரவில்லை என்று கேட்டாய். வந்தால் உன் வீட்டில் நீ எனக்குச் சோறு போடுவாய். போடாமல் இருக்க உனக்குத் தெரியாது. நீ என் வீட்டு இலையிலிருந்து எழுந்து போனவள். அந்தச் சோற்றை உனக்குப் போடாமல் உன் சோற்றை நான் எப்படி வாயில் வைப்பேன்? அதனால்தான் ஆளை அனுப்பினேன்.

நிலத்தை விற்றுவிடு. மனசாரச் சொல்கிறேன். வீட்டுக்குள் தண்ணீர் வரும்போது ரயிலைப் பற்றி யோசிக்க முடியாது. சத்தியநாதனிடம் வேறு வழி கேட்டேன். வளைவை உள்பக்கம் விரித்தால்தான் உன் கொல்லை. வெளிப்பக்கம் விரித்தால் என் வீட்டை ஒட்டிப் போகும். ஒட்டி என்ன, வீட்டுக்குள்ளேயே போகும். சமையற்கட்டும் உன் அண்ணன் கடைசியில் படுத்திருந்த அறையும் போய்விடும். முன்கூடம் மிஞ்சும். ஒற்றை ஆளுக்கு அது போதாதா? சங்கத்தில் சரியென்று சொல்லிவிட்டேன். உன் முளைகளை நீயே வைத்துக்கொள்.

உன்னிடம் கோபம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் கோபம் வரும்போதெல்லாம் இந்த வீட்டுக் கிணறும் கூடவே நினைவுக்கு வரும். நான் கல்யாணமாகி வந்த மாதம், வாளியோடு கயிற்றையும் சேர்த்துக் கிணற்றுக்குள் விட்டேன். உன் அம்மா "யாருடி விட்டது?" என்று கேட்டபோது பாவாடை கட்டிய ஒரு வாண்டு, "நான்தான்" என்று முன்னால் வந்து நின்றது. அடியும் அதற்குத்தான் விழுந்தது. அதற்கு உனக்கு இன்றுவரை நான் நன்றி சொன்னதில்லை. நம் இருவருக்கும் ஒரே மாதிரித் தொண்டை போலிருக்கிறது.

மாப்பிள்ளையையும் துர்காவையும் கேட்டதாகச் சொல்.

அண்ணி


பள்ளிக்கரணை
14.3.2006

அண்ணி,

உங்களுக்கென்ன புத்தி பேதலித்துவிட்டதா? சமையற்கட்டை இடித்துவிட்டு எனக்குப் போட வேண்டிய சோற்றை எங்கே வைத்துப் போடுவதாக உத்தேசம்? கூட்ஸ் ஷெட்டிலா?

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து வீட்டில் ஒரே வாக்குவாதம். ஞாயிற்றுக்கிழமை இவரைத் திருநீர்மலைக்கு இழுத்துக்கொண்டு போனேன். சாமியிடம் கேட்டால் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். இவர் வாயிலிருந்து வர வேண்டுமே, அதற்காகத்தான். மலைமேல் நின்று சுற்றிலும் காட்டி, "பாரு, எங்க பார்த்தாலும் பிளாட் போட்டாச்சு. வராத ரயிலுக்கு லேண்டைக் குடுக்கிறேன்னு நிக்கிறியே?" என்றார்.

"எல்லாரும் பிளாட்லயே குடியிருந்தா உர மூட்டைய எங்க இறக்கறது?" என்றேன்.

கீழே இறங்கிக் கரும்புச்சாறு குடித்த பிறகு அவராகவே ஆரம்பித்தார். "மீதி நிலத்துல ஒரு குடோன் போடலாம். வண்டி வந்தா வாடகை வரும், வாடகைய வெச்சு வீட்டை உயர்த்தலாம். வரலைன்னா?"

"வரலைன்னா தண்ணியில இருப்போம். பழக்கம்தானே."

அவர் சிரித்துவிட்டார். பயத்தில்தான் சிரித்தார். எனக்கும் பயம்தான் அண்ணி, உங்களிடம் மறைப்பானேன். மனைக்காரரிடம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகு சுவரில் தண்ணீர் நின்ற கறையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று நிபந்தனை. என் நிலத்துக்கு ஈடாகச் சங்கத்தில் ஒரு பங்கு வேண்டும், அது என் பெயரில் இருக்க வேண்டும், இவர் பெயரில் இல்லை. சத்தியநாதன் மாமா முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். இரண்டாவது, முளைகளை நானே கொண்டுவந்து நானே அடிப்பேன். மூன்றாவது, அன்றைக்குச் சோற்றுக்கு உட்காரச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. முதல் வண்டி அந்த வளைவில் திரும்பி வருகிற அன்றைக்குத்தான் உங்கள் வீட்டில் கை நனைப்பேன். வீம்பு என்றால் வீம்பு. அண்ணன் இருந்திருந்தால் "எங்க வீட்டுப் பொண்ணாச்சே" என்று சொல்லியிருப்பார்.

அவர் படுத்திருந்த அறை அப்படியே இருக்கட்டும் அண்ணி.

சுபத்ரா


நல்லேரிப்பாக்கம்
28.9.2006

அன்புள்ள சுபத்ராவுக்கு,

நீ முளை அடித்துவிட்டுப் போய் ஆறு மாதம் ஆகிறது. சோற்றுக்குத்தான் வற்புறுத்தக் கூடாது என்றாய், மோருக்கு நிபந்தனை இல்லையே என்று சொம்போடு ஓடிவந்தேன். நீ ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தபடியே வாங்கிக் குடித்தாய். ஆட்டோ என் வாசலில்தான் நின்றது, ஆனாலும் அது வீடு ஆகாது என்று பேபி தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

உன் கொல்லை வழியாகத் தண்டவாளம் போட்டாகிவிட்டது. கருங்கல் ஜல்லி கொட்டி, புதுக் கட்டை வைத்து, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. சாயந்திரம் அந்தப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வருகிறேன். நீ கொடுக்காவிட்டால் இந்நேரம் நான் முன்கூடத்தில் ஸ்டவ் வைத்துச் சமைத்துக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது உன்னை நினைத்துக்கொள்கிறேன்.

இனி கெட்ட செய்தி. நல்ல நாள் தப்பிவிடக் கூடாதென்று தண்டவாளம் போடும் முன்பே மூட்டை இறக்கும் மேடையைக் கட்டி, தேங்காய் உடைத்து, சிமெண்டு பூசிவிட்டார்கள். லோடுமேன்கள் பலகை இல்லாமல் வேகனுக்குள் கால் வைத்து ஏற வேண்டுமே என்று பழைய பழக்கத்தில் ஒட்டி ஒட்டிக் கட்டிவிட்டார்கள். போன வாரம் ரயில்வேயிலிருந்து வந்தவர்கள் பெரிய வேகன் அளவுக்கு ஒரு சட்டம் செய்து, டிராலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். உன் வளைவில் தேர் மாதிரி வந்தது. மேடைக்கு வந்ததும் இடித்து நின்றுவிட்டது. வேகன் அகலமாகும் என்பதை இந்த ஊரில் ஒருத்தருமே யோசிக்கவில்லை. நானும்தான்.

சத்தியநாதன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பேபி மட்டும், "கல்யாணத்துக்கு மின்னாடி தொட்டில் கட்னா இப்டித்தான் சார்" என்றாள். மறுநாள் லோடுமேன்களே உளியும் சம்மட்டியும் கொண்டுவந்து விளிம்பை உடைக்க ஆரம்பித்தார்கள். கூலி வேண்டாம் என்கிறார்கள். உடைத்து, மறுபடி பூசி, மறுபடி ரயில்வேக்காரர்கள் வந்து பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குள் மழை வந்துவிடும். விற்கலாம் என்ற கட்சி மறுபடி தலையெடுத்திருக்கிறது. தை மாதத்துக்குள் வண்டி வராவிட்டால் அவர்கள் வாயை அடைக்க முடியாது.

உன் நிலத்தை வாங்கிக்கொண்டு உன்னை மறுபடி தண்ணீரில் நிறுத்திவிட்டேனே என்றுதான் இருக்கிறது.

அண்ணி


பள்ளிக்கரணை
8.11.2006

அண்ணிக்கு,

தண்ணீர் இந்த வருஷம் வாசற்படியோடு நின்றுவிட்டது. நாய் மாதிரி வெளியே படுத்திருந்துவிட்டு இரண்டு நாளில் போய்விட்டது. பயப்படாதீர்கள்.

மழை பிடித்த அன்றைக்கே பேபி கோஷ்டி டெம்போ பிடித்துக்கொண்டு வந்து நின்றது. நீங்கள் லாரியை விற்றதால் வாடகை டெம்போ. நீங்கள் அனுப்பவில்லையாம், அவர்களாகவே வந்தார்களாம். கட்டில் காலுக்குக் கல் கொடுத்துவிட்டு, பீரோவைத் தூக்கி வைத்துவிட்டுப் போனார்கள். சாப்பிடச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. பேபியே, "வண்டி வரட்டும்க்கா, ரெண்டு வூட்லயும் சேத்து துன்றோம். இப்ப டீ போடு. டீ சோறு ஆவாது" என்றாள். எல்லோரும் ஆளுக்கு இரண்டு டம்ளர் குடித்தார்கள். அவர்கள் டீ குடித்ததற்கு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு யாருமில்லை என்று இந்த இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, எவ்வளவு பெரிய பொய்.

உங்கள் கடிதத்தில் கடைசி வரியை மட்டும் நான் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் என்னிடம் எதையும் வாங்கவில்லை. நான் பங்கு போட்டிருக்கிறேன். லாபம் வந்தாலும் வராவிட்டாலும் பங்காளி பங்காளிதான்.

இவர் காலையில் பேப்பரைக்கூடப் பிரிக்காமல் "ஊர்ல இருந்து போன் வந்ததா?" என்று கேட்கிறார். ராத்திரி குடோனுக்குப் படம் போட்டுப் பார்க்கிறார். என்னிடம் மட்டும் நம்பிக்கையில்லை என்கிறார்.

ஒரே ஒரு வேகனாவது வந்து நிற்கட்டும் அண்ணி.

சுபத்ரா


நல்லேரிப்பாக்கம்
29.1.2007

என் அருமை சுபத்ராவுக்கு,

நேற்று மதியம் முழுவதும் என்னோடு இருந்துவிட்டுப் போனவளுக்கு இன்று என்ன கடிதம் என்று கேட்பாய். நேரில் சொல்ல முடியாததை எழுதிப் பழகிவிட்டோம். இனி வாயால் வராது.

வண்டி வரும்போது நீ வளைவுப் பக்கம் நின்றதால் மேடையில் நடந்தது உனக்குத் தெரியாது. எஞ்சின் உன் கொல்லைக்குள் திரும்பியதும் சக்கரம் கிறீச்சென்றது. மாப்பிள்ளை என் பக்கத்தில் நின்று, நம்பிக்கை இல்லாத மனிதர், என் கையைப் பிடித்துக்கொண்டுவிட்டார். மேடை நெருங்கியபோது சத்தியநாதன் கண்ணை மூடிக்கொண்டார். "தாண்டிச்சு சார், கண்ண தொற" என்று பேபி சொன்ன பிறகுதான் திறந்தார். இடைவெளி இப்போது நன்றாக இருக்கிறது. கால் வைத்து ஏற முடியாது, பலகை போட்டுத்தான் ஏறுகிறார்கள். பலகையைப் பற்றி இதுவரை ஒருவரும் குறை சொல்லவில்லை.

உரம் இறக்கி முடித்தாயிற்று. தவிட்டுக் கம்பெனி ஒன்றும் வந்து மேடையைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. விற்கலாம் என்று சொன்ன கட்சியிலிருந்து ஒருவர், உன் குடோன் எப்போது தயாராகும் என்று காலையில் என்னிடமே விசாரித்தார். நிலத்துக்காரியைக் கேளுங்கள் என்று உன் விலாசத்தைக் கொடுத்திருக்கிறேன். விட்டுக்கொடுக்காமல் பேசு.

நீ சமையற்கட்டில் மணையைப் போட்டு, இலையில் தண்ணீர் தெளித்து உட்கார்ந்தபோது சோற்றைக் கொஞ்சம் சிந்திவிட்டேன், நீ பார்க்காத மாதிரி இருந்தாய். ரசத்துக்கு இரண்டாம் தரம் சோறு கேட்டாய் பார், அப்போது நான் அண்ணன் அறைக்குள் போனது அப்பளம் எடுக்க இல்லை. அந்த அறையில் என்றைக்கு அப்பளம் இருந்தது? அங்கே நின்று அழுதுவிட்டு வந்தேன். அவரிடமும் சொல்லிவிட்டு வந்தேன், உங்க தங்கச்சி சாப்பிடுறா என்று.

அன்றைக்குப் பந்தி நடுவில், பங்கு கேட்க வந்தாயா என்று உன்னைக் கேட்டேன். கடைசியில் உன் பங்கில் வழி வாங்கிப் பிழைத்தவள் நான்தான். நன்றி சுபத்ரா. இந்த ஒரு வார்த்தைக்குத்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பேபி கோஷ்டி டெம்போவில் பள்ளிக்கரணைக்குக் கிளம்புகிறது. இரண்டு வீட்டுச் சோறு என்று உன்னிடம் சொன்னார்களாமே, ஒரு வீடு முடிந்தது, இன்னொன்று பாக்கி என்கிறார்கள். இரண்டு மழையாக வைத்திருக்கிற பசி, அதனால் உலையைப் பெரிதாகவே வை.

இந்தத் தடவை ஆளை மட்டும் அனுப்பவில்லை. டெம்போவில் முன்சீட்டு எனக்கு. எனக்கும் ஓர் இலை போடு.

அண்ணி